வீட்டுக்கு ஒரு எலுமிச்சை: எதை நடுவது, எதை விடுவது?

ஒரு செல்போன் வாங்க ஒரு மாதம் விசாரிப்பார்கள். நாலு கடை ஏறி இறங்குவார்கள், நண்பர்களிடம் கேட்பார்கள், "அடுத்த மாடல் வரட்டும்" என்று காத்திருப்பார்கள். அந்தச் செல்போன் தாங்குவது மூன்று வருடம். அதே குடும்பம், இருபது வருடம் கொல்லையில் நிற்கப் போகும் ஒரு மரத்தை நர்சரி வாசலில் ஐந்து நிமிடத்தில் தேர்வு செய்துவிடுகிறது!

ஞாயிற்றுக்கிழமை எந்த ஊர் நர்சரிக்குப் போனாலும் இந்த உரையாடலைக் கேட்கலாம்.

"அண்ணே, ஆரஞ்சு இருக்கா?"

"இருக்கு சார். நாக்பூர் ஒட்டு. ரெண்டே வருசத்துல காய்க்கும்."

"சாத்துக்குடி?"

"அதுவும் இருக்கு. ரெண்டும் எடுத்துக்கங்க, விலை பாத்துப் போட்டுத் தரேன்."

செடியில் ஒரு வண்ண அட்டை தொங்கும். அதில் தளதளவென்று ஆரஞ்சு நிறத்தில் பழம். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பாதிப் பேர் வாங்குகிறார்கள். எந்த ரகம், விதைக் கன்றா ஒட்டா, எதன் மேல் ஒட்டியது, நம் தண்ணீருக்குத் தாங்குமா என்ற கேள்விகள் எழுவதே இல்லை. நாலைந்து வருடம் கழித்து, "காய்க்கவே மாட்டேங்குது, ராசியில்லாத மரம்" என்று வெட்டுகிறார்கள். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தேர்வு தப்பு, அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதுதான்: தமிழ்நாட்டுச் சமவெளியில், ஒன்றோ இரண்டோ மரத்துக்கு மட்டும் இடமுள்ள வீட்டில், முதல் மரம் எலுமிச்சை. இரண்டாவது மரம் நார்த்தை. கமலா ஆரஞ்சுக்கு அங்கே இடமில்லை. ஏன் என்று பார்ப்போம்.

கமலா ஏன் வேண்டாம்?

கமலா ஆரஞ்சு மலைக்கும் மிதமான குளிருக்கும் பழகியது. தென்னிந்தியாவில் அது செழித்த இடங்களைப் பாருங்கள்: குடகு, வயநாடு, கீழ்ப்பழனி மலை, சேர்வராயன் மலை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 முதல் 1500 மீட்டர் உயரம்தான் அதற்கு ஏற்றது. பழத்தின் தோல் பச்சை மாறி ஆரஞ்சு நிறம் ஏற இரவில் குளிர் வேண்டும். சென்னையிலோ மதுரையிலோ திருச்சியிலோ அந்தக் குளிருக்கு எங்கே போவது? மரம் வளரும், சில வீடுகளில் காய்க்கவும் செய்யும். ஆனால் பழம் பெரும்பாலும் பச்சையும் மஞ்சளுமாக, புளிப்பாக, சாறு குறைந்து நிற்கும். அட்டையில் பார்த்த பழம் வரவே வராது.

"நாக்பூர் மட்டும் என்ன ஊட்டியா? அங்கே வெயில் கொளுத்துமே!" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நாக்பூரில் கோடை கொடுமைதான். ஆனால் பழம் முற்றும் குளிர்காலத்தில் அங்கே இரவு நன்றாகவே குளிரும். நம் கடற்கரை ஊர்களில் டிசம்பரில்கூட மின்விசிறி ஓடுகிறது. கோடை ஒன்றுபோல இருந்தால் ஊரும் ஒன்றாகிவிடாது.

ஏற்காட்டிலோ தாண்டிக்குடியிலோ வீடு இருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். அவர்களுக்குக் கமலாதான் சரி :-)

எலுமிச்சைக்குக் கணக்குப் போட்டால்...

எலுமிச்சை இந்த வெயிலுக்குப் பழகிய மரம். தென்காசி மாவட்டம் புளியங்குடியை எலுமிச்சை நகரம் என்றே சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்துச் சமவெளி அது. ஆந்திரத்தின் கூடூர், தெனாலிப் பக்கமும் இப்படித்தான். வெயில் வேண்டும், வடிகால் வேண்டும், வேர் அழுகாமல் அளவாகத் தண்ணீர் வேண்டும். இது இருந்தால் போதும்.

பணக் கணக்கைக் கொஞ்சம் நேர்மையாகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு குடும்பம் வாரம் 10 எலுமிச்சை வாங்குகிறது, ஒன்று சராசரியாக 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 50 ரூபாய், வருடம் 2600 ரூபாய். இதில் மரம் முழுவதையும் மிச்சப்படுத்தாது. ஏனென்றால் மரம் வாரம் பத்து பத்தாகக் காய்க்காது. ஒரு பருவத்தில் கூடைகூடையாகக் கொட்டும், பிறகு மாதக்கணக்கில் சும்மா நிற்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டு மரம் கொட்டும் அதே மாதத்தில்தான் ஊரில் உள்ள எல்லா மரமும் கொட்டும். சந்தையிலும் அப்போது விலை குறைவு. விலை மலிந்த நேரத்தில் கையில் சரக்கு குவிந்தால் அதில் என்ன பெரிய லாபம்?

கோடையில் காய்த்தால் லாபம். 2022 ஏப்ரலில் நடந்தது நினைவிருக்கும். நாட்டின் பல நகரங்களில் எலுமிச்சை கிலோ 200 ரூபாயைத் தாண்டியது, ஒரே ஒரு பழம் பத்து ரூபாய்க்கு மேல் விற்றது. அதற்கு முந்தைய மாதங்களில் பெய்த அளவு மீறிய மழையும், பிறகு சீக்கிரமே வந்த கடும் வெயிலும் பூவைக் கெடுத்தது காரணமாகச் சொல்லப்பட்டது. டீசல் விலையும் சேர்ந்துகொண்டது.

எலுமிச்சை பூவிலிருந்து காய் பறிக்க ஐந்து, ஆறு மாதம் ஆகும். ஏப்ரல், மே மாதத்தில் காய் வேண்டுமானால் அக்டோபர், நவம்பரில் பூக்க வேண்டும். பூக்க வைக்க விவசாயிகள் என்ன செய்வார்கள்? கொஞ்ச காலம் தண்ணீரை நிறுத்தி மரத்தை வாட விட்டு, பிறகு பாய்ச்சுவார்கள். ஆனால் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் அக்டோபர், நவம்பர் என்பது வடகிழக்குப் பருவமழைக் காலம். வானத்திலிருந்து கொட்டுவதை யார் நிறுத்துவது? அதனால்தான் கோடைக் காய் எப்போதும் கம்மி, விலை எப்போதும் அதிகம்.

இதற்கு நம் பாட்டிகள் கண்டுபிடித்த தீர்வுக்கு வணிகவியல் பாடத்தில் "சரக்கு இருப்பு" என்று பெயர். வீட்டில் அதன் பெயர் ஊறுகாய். மலிந்த காலத்தில் கொட்டும் காயை உப்பிட்டு ஜாடியில் அடைத்துவிட்டால் அடுத்த பருவம் வரை கவலையில்லை. ஆக, எலுமிச்சை நடும் வீடு ஊறுகாய் போடத் தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் முக்கால்வாசிக் காய் தரையில் விழுந்து அழுகும். மரம் நடுமுன் குடும்பம் யோசிக்க வேண்டிய முதல் விஷயம் இது.

எந்த எலுமிச்சை?

"எலுமிச்சைன்னா எலுமிச்சைதானே, அதுல என்ன ரகம்?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். மாம்பழத்தில் பத்து ரகம் தெரிந்தவர்களுக்கும் எலுமிச்சையில் ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் ரகங்கள் இருக்கின்றன.

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வந்தது பி.கே.எம். 1. கடையம் பகுதி நாட்டு வகையிலிருந்து தேர்வு செய்யப்பட்டது. உருண்டைக் காய், நல்ல சாறு. தமிழ்நாட்டு வீட்டுக்கு முதலில் கேட்க வேண்டிய பெயர் இதுதான்.

மகாராஷ்டிரத்தின் பர்பணியிலிருந்து வந்தவை விக்ரம், பிரமாலினி. இரண்டும் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். அதே மாநிலத்தின் ராகுரியிலிருந்து வந்தது சாய் சர்பத்தி. ஆந்திரத்தில் தேர்வானது பாலாஜி. இந்தக் கடைசி இரண்டும் சொறி நோயை ஓரளவு தாங்கும்.

சொறி நோய் என்றால் என்ன என்று கேட்கலாம். இலையிலும் கிளையிலும் காயிலும் பழுப்பு நிறத்தில் சொரசொரப்பான தழும்பு தழும்பாக வருமே, அதுதான். பாக்டீரியாவால் வருவது. மழைத்துளி தெறித்துப் பரவும். எலுமிச்சை வகையிலேயே நம் நாட்டு எலுமிச்சைக்குத்தான் இது அதிகம் வரும். அதனால் மழை நிறையப் பெய்யும் ஊரில் இருப்பவர்கள் சாறு, அளவு எல்லாவற்றுக்கும் முன்னால் நோய் தாங்கும் ரகத்தைப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

இப்போது நர்சரிகளில் "விதையில்லா எலுமிச்சை" என்று ஒன்று வேகமாக விற்கிறது. பெரும்பாலும் தாகிதி என்னும் வகை. காய் பெரிது, முள் மிகக் குறைவு, விதை கிட்டத்தட்ட இல்லை. ஜூஸ் போடுபவர்களுக்கு வசதி. ஆனால் நம் வீட்டு ரசத்துக்கும் ஊறுகாய்க்கும் பழகிய அந்த மெல்லிய தோல், மூக்கைத் துளைக்கும் வாசனை இரண்டும் நாட்டு எலுமிச்சைக்கே உரியவை. குழந்தைகள் ஓடியாடும் சின்ன வாசல், முள் வேண்டாம் என்றால் தாகிதி நல்ல தேர்வு. ஊறுகாய்க்கென்றே நடுபவர்கள் பி.கே.எம். பக்கம் போவது நல்லது.

விதையா, பதியனா, ஒட்டா?

"ஒட்டுச்செடிதான் ஒசத்தி" என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மாமரத்துக்கு அது சரி. எலுமிச்சைக்கு அப்படியே பொருந்தாது.

எலுமிச்சை விதை ஒன்றைப் போட்டால் சில சமயம் இரண்டு, மூன்று முளை வரும். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தச் சேர்க்கையில் வந்தவை அல்ல. தாய் மரத்தின் திசுவிலிருந்தே நேராக வந்தவை, தாயின் அச்சு அசல். ஆகவே நல்ல தாய் மரத்தின் விதைக் கன்று தாயைப் போலவே காய்க்கும். நார்த்தையும் பம்ப்ளிமாஸும் அப்படியல்ல. அவற்றின் விதையில் ஒரே முளைதான், தாயும் தகப்பனும் கலந்த பிள்ளை. எப்படி இருக்கும் என்று காய்த்த பிறகுதான் தெரியும். அவற்றைப் பதியனாகவோ ஒட்டாகவோ வாங்குவதுதான் பாதுகாப்பு.

விதைக் கன்று காய்க்க நாலைந்து வருடம் ஆகும், முள்ளும் அதிகம். ஆனால் ஆணிவேர் ஆழமாகப் போகும். பதியன் இரண்டு, மூன்று வருடத்தில் காய்க்கும், ஆனால் வேர் மேலாக இருக்கும். பெருங்காற்று வீசும் ஊர்களில் முட்டுக் கொடுக்க வேண்டும். மாடியில் டிரம்மில் வளர்ப்பவர்களுக்குப் பதியன்தான் சரி.

ஒட்டுச்செடி வாங்கினால் ஒரு ஆபத்து உண்டு. அதன் கீழ்ப்பகுதி வேறு மரம், பெரும்பாலும் காட்டு எலுமிச்சை வகை. ஒட்டுக்குக் கீழே இருந்து கிளைக்கும் துளிரை உடனுக்குடன் கிள்ளி எறிய வேண்டும். "அடடா, செழிப்பா வளருதே" என்று சந்தோஷப்பட்டு விட்டுவிட்டால், இரண்டு வருடத்தில் மேலே இருந்த சாத்துக்குடி செத்து, கீழே இருந்த காட்டு மரம் வீட்டை ஆளும். "சாத்துக்குடின்னு சொல்லி ஏமாத்திட்டான்" என்று நர்சரிக்காரரைத் திட்டுபவர்களில் ஒரு பகுதியினர் வீட்டில் நடந்தது இதுவாகத்தான் இருக்கும்!

நடும்போதும் ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். தண்ணீரைத் தண்டில் ஊற்றாமல் கொஞ்சம் தள்ளி வட்டப் பாத்தியில் ஊற்ற வேண்டும். தண்டு எப்போதும் ஈரமாக இருந்தால் பட்டை வெடித்துப் பிசின் வடியும், மரம் மெல்லச் சாகும்.

நார்த்தைக்கு ஒரு வக்காலத்து

உலகம் முழுக்க இன்று ஆரஞ்சு என்று சொல்கிறார்களே, அந்தச் சொல்லின் பயணத்தைப் பின்னோக்கிப் போனால் பிரெஞ்சு, ஸ்பானியம், அரபு, பாரசீகம் தாண்டி சமஸ்கிருதத்தின் நாரங்கத்தில் நிற்கும். அந்த நாரங்கமே ஒரு திராவிட மொழியிலிருந்து போனது என்று பல அகராதிகள் கருதுகின்றன. நாரத்தை என்ற சொல்லின் உறவுக்காரர்கள்தான் இன்று உலகச் சந்தையில் கோடிக்கணக்கில் புரள்கிறார்கள். ஆனால் நார்த்தை மரத்தை நட மட்டும் ஆளில்லை.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு தலைமுறைக்கு முன்பு வரை கிணற்றடியில் ஒரு நார்த்தை மரம் நிற்பது சாதாரணம். காய் முற்றும் முன் பறித்து, சுருள் சுருளாக நறுக்கி, உள்ளே உப்பை அடைத்து, வெயிலில் காயவைத்து, ஜாடியில் போட்டால் வருடக்கணக்கில் கெடாது. காய்ச்சல் வந்து வாய் கசந்தவனுக்கு ஒரு துண்டு உப்பு நார்த்தங்காயும் கஞ்சியும் கொடுத்தால் போதும், நாக்குக்கு உயிர் வரும். இலையையும் விடமாட்டார்கள். நார்த்தை, எலுமிச்சை இலைகளை மிளகாய், ஓமம், உப்பு, புளி சேர்த்து இடித்து உருட்டினால் வேப்பிலைக்கட்டி. (பெயரில்தான் வேப்பிலை. உள்ளே வேப்பிலை கிடையாது!) தயிர் சாதத்துக்கு இதைவிட வேறு துணை வேண்டுமா?

இரண்டாவது மரமாக நார்த்தையைச் சொல்வது பழம்பெருமைக்காக அல்ல. பொருளாதாரத்தில் வாய்ப்புச் செலவு என்று ஒன்று உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இன்னொன்றை இழக்கிறோம், அந்த இழப்பும் செலவுதான். ஒரு மரத்துக்கு ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் இடம் என்று வைத்தால் கிட்டத்தட்ட 270 சதுர அடி, அரை சென்ட்டுக்கு மேல். வீட்டு மரத்தைக் கவாத்து செய்து கொஞ்சம் ஒடுக்கலாம், ஆனாலும் சின்ன இடமல்ல. அந்த இடத்தில் சாத்துக்குடி நட்டால் கிடைப்பது எந்தப் பழக்கடையிலும் வருடம் முழுக்கக் கிடைக்கும் ஒரு பழம். நார்த்தை நட்டால் கிடைப்பது பல ஊர்களில் காசு கொடுத்தாலும் கிடைக்காத ஒன்று. நல்ல நார்த்தங்காய் தேடி அலைந்தவர்களுக்கு அந்த அருமை தெரியும். கடையில் கிடைப்பதைக் கடையில் வாங்குவோம், கடையில் கிடைக்காததைக் கொல்லையில் வைப்போம். வீட்டுத் தோட்டத்துக்கு இதைவிட எளிய விதி இல்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பி.கே.எம். 1 எங்கிருந்து வந்தது? கடையத்துப் பக்கம் எவரோ பெயர் தெரியாத விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வளர்த்த நாட்டு மரங்களிலிருந்து. அவர்கள் வெட்டியிருந்தால் தேர்வு செய்ய எதுவும் இருந்திருக்காது. நார்த்தை, கிடாரங்காய், கொழுமிச்சை என்று ஊருக்கு ஊர் பெயரும் உருவமும் மாறும் எத்தனையோ வகைகள் இன்று இருப்பது பழைய வீடுகளின் கொல்லைகளில்தான். அந்த வீடுகள் இடிந்து அடுக்குமாடி எழும்போது மரமும் போகிறது. மேகாலயத்தின் நோக்ரெக் மலையில் காட்டு எலுமிச்சை இனங்களைக் காக்க அரசே ஒரு சரணாலயம் வைத்திருக்கிறது. நம் ஊர் நார்த்தைக்குச் சரணாலயம் பாட்டி வீட்டுக் கிணற்றடி மட்டும்தான். ஒரு பதியன் எடுத்து நட்டால் அது பிழைக்கும்.

சாத்துக்குடியும் பம்ப்ளிமாஸும்

இரண்டையும் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்ல முடியாது. சாத்துக்குடி வறண்ட வெயில் காற்றுக்கு ஏற்ற மரம். ஆந்திரத்தின் அனந்தபூர்ப் பக்கம் அது செழிப்பது அதனால்தான். அதுபோன்ற உலர்ந்த உள்மாவட்ட ஊரில், மூன்றாவது மரத்துக்கும் இடம் இருக்கும் வீட்டில், தாராளமாக நடலாம். பூத்து எட்டு, ஒன்பது மாதம் காத்திருக்கப் பொறுமை வேண்டும்.

பம்ப்ளிமாஸ் பெரிய மரம். நகரத்து வீட்டுக்கு அடங்காது, கிராமத்துக் கொல்லைக்கு அழகு. ஒரே ஒரு எச்சரிக்கை. அதன் நெருங்கிய உறவான கிரேப்ஃபுரூட் சில கொலஸ்ட்ரால், ரத்த அழுத்த மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடும் என்பது மருத்துவர்கள் நன்கறிந்த உண்மை. பம்ப்ளிமாஸிலும் அதே வகைப் பொருட்கள் உண்டு. மாத்திரை சாப்பிடும் தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் மரம் நடுமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

தண்ணீர் சொல்வதைக் கேளுங்கள்

எலுமிச்சைக் குடும்பத்துக்கு உப்புத் தண்ணீர் ஆகாது. இலை நுனி கருகும், உதிரும், மரம் குன்றிப் போகும். கடற்கரை ஊர்களில் போர்வெல் தண்ணீரில் துணி துவைத்தால் நுரை வராத வீடுகள் முதலில் தண்ணீரைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். அங்கே மழைநீரைச் சேமித்து, ஒன்றிரண்டு மரத்தை மாடியில் டிரம்மில் வளர்ப்பதே நடைமுறை. சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணில் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்பு, துத்தநாகச் சத்துக் குறை. மேலும் மேலும் யூரியா போட்டுப் பயனில்லை, அந்த நுண்ணூட்டத்தைத் தெளித்தால்தான் சரியாகும்.

களிமண்ணில் தண்ணீர் தேங்கும் இடமென்றால் மேட்டுப்பாத்தி. ஆறு மணி நேர வெயில் கட்டாயம். இரண்டு மாடிக் கட்டிடங்களுக்கு நடுவே நாலடிச் சந்தில் நட்டுவிட்டு "காய்க்கவில்லை" என்று மரத்தைக் குறை சொன்னால் அது என்ன செய்யும் பாவம்?

என் வீட்டுச் செடி, என் இஷ்டம்?

இங்கேதான் விஷயம் கொஞ்சம் சீரியஸ் ஆகிறது. மரம் சொந்த வீட்டில் நின்றாலும் அதன் நோய் அடுத்த வீட்டுக்கும் போகும்.

எலுமிச்சைக் குடும்பத்தின் மிக மோசமான எதிரி பச்சையாதல் நோய். ஒரு பாக்டீரியா, அதைச் சுமந்து பரப்ப சைலிட் என்ற கடுகளவுப் பூச்சி. நோய் வந்த மரத்துக்கு மருந்தில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2005ல் இது கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் இருபது வருடத்துக்குள் அந்த மாநிலத்தின் ஆரஞ்சு விளைச்சல் 90 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. புயல்களும் அதில் பங்கு வகித்தன என்றாலும், முதல் குற்றவாளி இந்த நோய்தான். கலிபோர்னியாவில் 2012ல் இது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது எங்கே தெரியுமா? பெரிய பண்ணையில் அல்ல. லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே ஒரு வீட்டுத் தோட்டத்தில், பல ஒட்டுகள் கட்டிய ஒரே ஒரு மரத்தில்.

அந்த நோய்க் கிருமியும் பூச்சியும் நம் நாட்டுக்குப் புதியவை அல்ல. ஆகவே யாரோ கொண்டுவந்த ஒட்டுக்குச்சியையும், எங்கிருந்து வந்தது என்றே தெரியாத மலிவு ஒட்டையும் வாங்குவது சொந்தப் பணத்தை மட்டும் பணயம் வைப்பதாகாது, தெருவில் உள்ள எல்லா மரத்தையும் பணயம் வைப்பதாகும். வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரிகள், ஆராய்ச்சி நிலையங்கள், அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகள் ஆகியவற்றில் முதலில் விசாரிக்கலாம். தனியார் நர்சரியில் வாங்கினாலும் தாய் மரத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். கேட்பவர்கள் கூடக்கூடத்தான் நர்சரிக்காரர்களும் பெயர் எழுதி வைப்பார்கள். கேட்காத வாடிக்கையாளருக்கு யார் தரம் பார்த்துக் கொடுப்பார்கள்?

கறிவேப்பிலையும் எலுமிச்சையின் குடும்பமே. சைலிட் பூச்சி அதன் துளிரிலும் உட்காரும். அதற்காகக் கறிவேப்பிலையை வெட்ட வேண்டியதில்லை (வெட்டினால் வீட்டில் சோறு கிடைக்காது!). இரண்டையும் கொஞ்சம் தள்ளி நட்டு, துளிர் விடும்போதெல்லாம் கவனித்தால் போதும். அப்படிக் கவனிக்கும்போது பறவை எச்சம் போல ஒரு புழு இலையில் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் குழந்தை. சின்னக் கன்றாக இருந்தால் கையால் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மொட்டையடித்துவிடும். பெரிய மரமாக இருந்தால் நாலு இலை தின்றுவிட்டுப் போகட்டும், விஷ மருந்து வேண்டாம்.

முள் மரம் ஆகாது என்பவர்களுக்கு

"வீட்டில் முள் மரம் வைக்கக் கூடாது" என்ற நம்பிக்கையால் எலுமிச்சையைத் தவிர்க்கும் குடும்பங்கள் உண்டு. வேடிக்கை என்னவென்றால், அதே வீட்டு வாசலில் திருஷ்டிக்குக் கட்டியிருப்பது எலுமிச்சம்பழம், புது வண்டிச் சக்கரத்தின் கீழ் வைப்பதும் எலுமிச்சம்பழம். பழம் மட்டும் மங்கலம், மரம் அமங்கலமா? முள் குத்தும் என்பது உண்மை. நடைபாதைக்கும் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் தள்ளி நட்டு, கீழ்க்கிளைகளைக் கவாத்து செய்தால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

யார் தேர்வு செய்வது?

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியமானதும்கூட. பெரும்பாலான வீடுகளில் செடி வாங்கப் போவது ஆண்கள். தண்ணீர் ஊற்றுவது, புழு எடுப்பது, உதிர்ந்த காயைப் பொறுக்குவது, நறுக்குவது, உப்பிடுவது, வெயிலில் வைத்து எடுப்பது எல்லாம் பெண்கள். ஆசைப்படுபவர் ஒருவர், இருபது வருடம் உழைப்பவர் இன்னொருவர். ஒரு நிறுவனத்தில் இயந்திரத்தை இயக்கப் போகும் தொழிலாளியைக் கேட்காமல் முதலாளி இயந்திரம் வாங்கினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகிறது. நர்சரிக்குப் போகுமுன் வீட்டு அடுக்களையில் மூன்று கேள்வி கேட்டால் பாதித் தவறுகள் குறையும். வருடத்துக்கு எத்தனை காய் நமக்குச் செலவாகும்? மிச்சத்தை ஊறுகாய் போட யாருக்கு நேரம் இருக்கிறது, அந்த வேலையை யார் யார் பகிர்ந்துகொள்வார்கள்? கோடையில் அந்த மரத்துக்கு ஊற்ற எந்தத் தண்ணீர்?

இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த வீட்டில் பி.கே.எம். 1 ஒன்று நடட்டும். இன்னும் இடமிருந்தால் ஊரில் யாராவது பெரியவர் வீட்டு நார்த்தை மரத்தைப் பார்த்து, அது நோயில்லாமல் காய்க்கிறதா என்று விசாரித்து, ஒரு பதியன் போட்டுத் தரச் சொல்லிக் கேட்கட்டும். ஆரஞ்சு சாப்பிட ஆசை வந்தால் பழக்கடை பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறது.